காற்று ஒழுகும் இடம்

வேங்கிக்காலில் எனக்குப் பெயர் 'கப்பல்காரர்'. கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனை வாங்கி வீடு கட்டியபோது மேஸ்திரியிலிருந்து சித்தாள்வரை எல்லோருக்கும் நான் 'கப்பல் இன்ஜினியர்'. நான் திருத்தவில்லை. தங்கச்சி மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் 'மெரைன்' என்று அடித்திருந்தார்கள். அதையும் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். 1999-லிருந்து 2021 வரை கப்பலில் இருந்தது உண்மை. இன்ஜின் ரூம் ஆட்களோடு ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டதும் உண்மை. ஆனால் அத்தனை வருஷமும் எனக்குச் சம்பளம் வந்தது முக்கால்வாசி கக்கூஸ் ரிப்பேருக்கு.

என் மனைவிக்குத் தெரியும். அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. லீவில் வந்து உட்கார்ந்தால், "கப்பல்ல இன்னா வேல நைனா உனக்கு?" என்று கேட்பாள். "மெஷின் வேலம்மா" என்பேன். எங்கள் பக்கம் இந்த வேலைக்கென்று ஒரு சாதியை ஒதுக்கி, அதற்கென்று ஒரு தெருவையும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஐ.டி.ஐ. படித்து, பம்பாய் போய், கடல் தாண்டிச் சம்பாதிக்கிற பிள்ளை அந்த வேலையைத்தான் செய்கிறான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்குப் பயந்தேனா, தெருவுக்குப் பயந்தேனா என்று கேட்டால் தெருவுக்குத்தான்.

ஃபிட்டர் டிரேடு முடித்து ராணிப்பேட்டையில் ஒரு பட்டறையில் இரண்டு வருஷம் இருந்தேன். பம்பாய் ஏஜென்ட், "பிளம்பர் போஸ்ட், குழாய் மாட்டுற வேலை" என்றுதான் சொன்னான். பயணிகள் கப்பல். ஏறிய மறுநாள் காலை என் கையில் ஒரு ரப்பர் கையுறையையும் ஒரு முழ நீள ஸ்குரூ டிரைவரையும் கொடுத்து ஒரு ஃபிலிப்பினோக்காரரோடு அனுப்பினார்கள். எல்லோரும் அவரை 'குயா' என்றார்கள். பெயர் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் பாஷையில் அண்ணன் என்று அர்த்தமாம். ஸ்குரூ டிரைவர் எந்தத் திருகைக் கழற்ற என்று கேட்டேன். அவர் அதன் முனையைக் குழாய்மேல் வைத்து, கைப்பிடியைத் தன் காதுக்குள் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். நம்மூர் மோட்டார் மெக்கானிக் பேரிங் சத்தம் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். கக்கூஸ் குழாயில் ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டுக் கக்கூஸில் தண்ணீர் தள்ளும். கப்பலில் காற்று இழுக்கும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதில்தான் எல்லாமே மாறிவிடுகிறது. வீட்டில் நாலு இஞ்ச் குழாயைச் சரிவு பார்த்துப் போட வேண்டும். ஒரு இடத்தில் வாட்டம் தப்பினால் அடைத்துக்கொள்ளும். கப்பலோ இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்கிற வீடு; அதில் எந்தச் சரிவை நம்புவது? அதனால் குழாய் முழுக்கக் காற்றை உறிஞ்சி எடுத்து வைத்திருப்பார்கள். வெளிக்காற்றைவிட அரை பார் குறைவாக. பொத்தானை அமுக்கினால் பீங்கானுக்குப் பின்னால் இருக்கிற ரப்பர் வால்வு இரண்டு மூன்று வினாடி திறக்கும். பாத்ரூமில் இருக்கிற காற்று உள்ளே பாயும், கிடக்கிறதையெல்லாம் அடித்துக்கொண்டு போகும். ஒரு தடவைக்குச் சுமார் அறுபது லிட்டர் காற்று, ஒரே ஒரு லிட்டர் தண்ணீர். இரண்டு இஞ்ச் குழாய் போதும். படுக்கையாகப் போகும், வளையும், ஓரளவு மேலேயும் ஏறும்.

மூவாயிரம் பேர், ஆளுக்கு ஐந்து தடவை, தடவைக்குப் பத்து லிட்டர் என்று வீட்டுக் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு ஒன்றரை லட்சம் லிட்டர். நம்மூர் பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் பன்னிரண்டரை லோடு. வேக்குவம் கணக்கில் பதினைந்தாயிரம் லிட்டர், ஒரு லோடும் கொசுறும். கப்பலில் நல்ல தண்ணீரைக் கடலிலிருந்து காய்ச்சியோ வடிகட்டியோ எடுக்க வேண்டும், அதற்கு எண்ணெய் எரிய வேண்டும். கழிவையும் சுமந்துகொண்டே போக வேண்டும். இந்த இரண்டு கஷ்டத்துக்கும் சேர்த்து வந்த வழி இது. 1950-களில் ஜோயல் லில்யெண்டால் என்ற ஸ்வீடன்காரர் கண்டுபிடித்ததை எலக்ட்ரோலக்ஸ் கம்பெனி எடுத்து வளர்த்தது. விமானத்துக்கான வடிவத்துக்கு 1975-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கெம்பர் காப்புரிமை வாங்கினார். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் செய்கிற வந்தே பாரத் ரயிலிலும் இதன் சொந்தக்காரன்தான் இருக்கிறான். பேரனோடு காட்பாடியில் ஏறி பெங்களூரு போனபோது அவன் உள்ளே போய் பொத்தானை அமுக்கிவிட்டு, அந்தச் சத்தத்துக்குப் பயந்து கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். நான் கதவருகே நின்று கேட்டேன். நல்ல சத்தம். படாரென்று திறந்து, படாரென்று மூடி, கடைசியில் ஒரு சின்ன 'ளுக்'. அந்த 'ளுக்' வந்துவிட்டால் வால்வு சரியாக உட்கார்ந்துவிட்டது, கவலையில்லை.

குயா எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் சத்தம்தான். பொத்தானை அமுக்கியதும் ஒன்றுமே நடக்கவில்லையா? கன்ட்ரோல் யூனிட்டுக்கு இழுவை போதவில்லை. இழுவை குறைவாக இருந்தால் திறக்கவே கூடாது என்று அதற்குள் ஒரு ஏற்பாடு இருக்கிறது. இல்லாவிட்டால் பீங்கான் நிரம்பி வழியும். திறந்து மூடாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறதா? யூனிட்டுக்குப் போகிற பென்சில் கனத்து ரப்பர் ட்யூபில் தண்ணீர் ஏறிவிட்டது. கழற்றி ஊதி, காயவைத்து, சின்ன செக் வால்வை மாற்றினால் எழுந்து உட்காரும். வாயால் ஊதாதே, பம்ப் வைத்து ஊது என்பார். முதல் வாரம் நான் வாயால் ஊதினேன். அதற்குமேல் அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

இந்த இரண்டும் எளிது. எது பழுது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். ஆளைக் கொல்வது மூன்றாவது சத்தம். 'ஸ்' என்று, பிரஷர் குக்கர் விசில் வருவதற்கு முன்னால் ஓரத்தில் கசியுமே, அதைவிட மெலிசாக. எங்கோ ஒரு கேபினில் ஒரு வால்வு முழுக்க மூடவில்லை. அதன் வழியாகக் காற்று உள்ளே ஒழுகிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கேபினில் இருப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது, அவர் பொத்தானை அமுக்கினால் ஒழுங்காகவே போகும். குறை சொல்லிப் போன் பண்ணுபவர் நாலு தளம் தள்ளி, குழாயின் கடைசியில் இருப்பவர். பம்புக்குத் தூரத்தில் இருப்பவனுக்குத்தான் இழுவை முதலில் குறையும். ஏரித் தண்ணீர் பாயும் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. மடைக்குப் பக்கத்துக் காட்டுக்காரன் வாய்க்காலை உடைத்துவிட்டால் கடைமடைக்காரன் பயிர்தான் காயும்.

ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். மத்தியதரைக் கடல், மார்ச் மாதம், இரண்டு மணி. வழக்கமாக இழுவை 0.35-க்கு இறங்கினால் பம்ப் ஓட ஆரம்பிக்கும், 0.5 எட்டினால் நிற்கும். அன்று இரண்டு பம்பும் ஓடிக்கொண்டே இருந்தும் முள் 0.25-இல் நடுங்கிக்கொண்டிருந்தது. ஆறாம் தளத்து முன்பக்கத்திலிருந்து வரிசையாகப் போன். புதிதாக வந்த ஒரு பையன் ஆறாம் தளத்துக்கு ஓடிப்போய் இரண்டு கேபின் பீங்கானைக் கழற்றிவிட்டான். நானும் என் முதல் வருஷத்தில் அப்படித்தான் ஓடியிருப்பேன்.

நான் வேக்குவம் அறைக்கு இறங்கினேன். அங்கே ஐந்து பெரிய குழாய்கள் வந்து சேரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு. முதல் வால்வை மூடிவிட்டு முள்ளைப் பார்த்தேன். அசையவில்லை. திறந்துவிட்டு அடுத்தது. அதுவும் அப்படியே. மூன்றாவதை மூடினதும் முள் துள்ளி ஏறியது. திருட்டு அந்தக் குழாயில். அதைப் பிடித்துக்கொண்டு தளம் தளமாக ஏறினேன். நடைபாதைக் கூரைக்குள் இருக்கும் கிளை வால்வுகளை மூடவும் திறக்கவுமாக, கீழே முள்ளைப் பார்க்க அந்தப் பையனை நிறுத்தி, வாக்கி டாக்கியில் "ஏறுதா?", "இல்லண்ணே", "ஏறுதா?", "இல்லண்ணே" என்று. அவன் தூத்துக்குடிப் பையன். ஒன்பதாம் தளத்தில் ஒரு கிளையை மூடியபோது "ஏறுதுண்ணே!" என்று கத்தினான். அந்தக் கிளையில் எட்டு கேபின்.

மூன்று மணிக்கு எட்டு கதவைத் தட்ட முடியாது. நல்லவேளையாக இரண்டு கேபினுக்கு ஒன்று என்று நடைபாதைச் சுவரில் ஒரு பலகை இருக்கும், திருகைக் கழற்றினால் பாத்ரூமின் முதுகுப்புறம் தெரியும். முழங்காலிட்டு, தலையை உள்ளே விட்டு, ஸ்குரூ டிரைவரைக் குழாய்மேல் வைத்துக் காதை அழுத்தினேன். கப்பலின் நாடி முழுக்கக் கேட்கும்: தூரத்து இன்ஜின், யாரோ குளிக்கிற தண்ணீர், ஏ.சி. காற்று. அதையெல்லாம் ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு மிச்சத்தைக் கேட்க வேண்டும். மூன்றாவது பலகைக்குள் அந்த 'ஸ்' இருந்தது.

வால்வைக் கழற்றி டார்ச் அடித்தேன். ரப்பர் உதட்டுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே, சட்டைக் காலர் மடங்காமல் நிற்பதற்காக உள்ளே செருகுவார்களே, அந்த பிளாஸ்டிக் பட்டை. ஒன்றரை இஞ்ச் நீளம், அட்டை கனம். குறுக்கே படுத்திருந்தது. அது விட்ட சந்து ஒரு தீக்குச்சி போகிற அளவுகூட இல்லை. அந்தச் சந்து வழியாக ராத்திரி பூராவும் காற்று ஒழுகி, மூன்று தளம் கீழே நாற்பது குடும்பத்துக்குக் கக்கூஸை நிறுத்தி வைத்திருந்தது. பட்டையை எடுத்துவிட்டு ரப்பரைத் தடவிப் பார்த்தேன், ஒரு கீறல். புதிது மாட்டி மூடினேன். கீழிருந்து பையன் "பம்ப் நின்னுடுச்சுண்ணே" என்றான். ஓடிக்கொண்டே இருந்த பம்ப் நின்றபின் வருகிற அமைதி இருக்கிறதே, அதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம் என்று தோன்றும். பட்டையைக் கழுவி என் டூல்பாக்ஸில் போட்டுக்கொண்டேன். இன்னும் இருக்கிறது.

இதுவரை நான் எடுத்தவற்றைச் சொன்னால் பட்டியல் நீளும். கோழி எலும்பு, பல் குச்சி, காது குடைகிற பஞ்சுக் குச்சி, ஒரு தடவை ஒரு பல் செட்டு. எல்லாவற்றையும்விட மோசம் ஈரத் துடைப்புத் துணி. பாக்கெட்டில் 'ஃப்ளஷ் செய்யலாம்' என்று அச்சடித்திருப்பார்கள். அச்சடித்தவரை ஒரே ஒரு நாள் எங்களோடு வேலைக்கு அனுப்பினால் போதும்.

கரன்ட் இருக்கிறவரைதான் இந்த ராஜ்ஜியம். பம்ப் நின்றால் இழுவை போச்சு; இழுவை போனால் வாளித் தண்ணீர் ஊற்றியும் தள்ள முடியாது, குழாயில்தான் சரிவே இல்லையே. 2013 பிப்ரவரி 10 அன்று மெக்சிகோ வளைகுடாவில் கார்னிவல் ட்ரையம்ஃப் கப்பலின் இன்ஜின் ரூமில் தீப்பிடித்தது. ஜெனரேட்டர் ஒன்றின் எண்ணெய்க் குழாய் கசிந்ததுதான் ஆரம்பம். தீயை அணைத்துவிட்டார்கள், ஆனால் மின்சாரம் போய்விட்டது. கப்பலில் நாலாயிரம் பேருக்கு மேல். 14-ஆம் தேதி இழுவைக் கப்பல்கள் அதை அலபாமாவின் மொபைல் துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்க்கும்வரை பயணிகள் பிளாஸ்டிக் பைகளைப் பயன்படுத்தினார்கள். உலகமே சிரித்தது. அன்று நாங்கள் வேறு கடலில் இருந்தோம். எங்கள் மெஸ்ஸில் டி.வி. பார்த்த பிளம்பர் யாரும் சிரிக்கவில்லை.

அடைப்புக்கு அடுத்த சத்துரு உப்பு. மூத்திரத்தில் இருக்கிற யூரியா குழாயில் கிடந்து அமோனியாவாக உடையும், காரத்தன்மை ஏறும், கால்சியமும் மக்னீசியமும் பாறைபோல் படியும். வீட்டுக் கக்கூஸில் பத்து லிட்டர் தண்ணீர் கழுவிக்கொண்டு போய்விடும். ஒரு லிட்டர் என்ன கழுவும்? கடல் தண்ணீரில் ஃப்ளஷ் செய்கிற கப்பலில் இன்னும் மோசம், கடலே தன் பங்கு உப்பையும் கொண்டுவரும். ஒரு பழைய சரக்குக் கப்பலில் குழாயின் முழங்கை வளைவு ஒன்றை அறுத்துப் பார்த்தோம். இரண்டரை இஞ்ச் குழாய்க்குள் என் கட்டைவிரல்தான் போனது. மிச்சம் முழுக்க மஞ்சள் கலந்த பழுப்புக் கல், மரத்தின் வளையம்போல அடுக்கடுக்காக. போர் தண்ணீரில் ஓடுகிற வீட்டு கீசரின் காயிலை உருவிப் பார்த்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும்.

மருந்து ஆசிட்தான். இருக்கிற குழாய் நீளத்தைக் கணக்குப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ராத்திரியில் விட்டு, பொங்கி அடங்கும்வரை காத்திருந்து, காலையில் தண்ணீர் விட வேண்டும். அதில் இரண்டு கண்ணி இருக்கிறது. யாராவது அதே பீங்கானில் பிளீச்சிங் ஊற்றியிருந்தால் குளோரின் வாயு கிளம்பும். நாட்பட்ட கழிவு தங்கின இடத்தில் ஆசிட் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும், அது அதைவிடப் பெரிய எமன். அதனால் ஆசிட் விடுகிற அன்று அந்த வரிசைக் கேபின் கதவு முழுக்கச் சீட்டு ஒட்டுவோம். மாதாமாதம் கொஞ்சமாக விட்டால் செலவு சின்னது. பெரிய கப்பலில் குழாய் அடைக்க ஆரம்பித்தால் செலவு எங்கே போகும் என்பதற்கு அமெரிக்கக் கடற்படையே சாட்சி. நாலாயிரம் பேருக்கு மேல் வாழ்கிற அவர்களுடைய புது விமானந்தாங்கிக் கப்பல்களில் இதே ஏற்பாடு. குழாய் அடைத்துக்கொள்வதால் அடிக்கடி ஆசிட் விட்டுக் கழுவ வேண்டியிருக்கிறது, ஒரு தடவைக்கு நாலு லட்சம் டாலர் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2020-இல் எழுதியது. அந்தச் செய்தியை வெட்டி ஒர்க்‌ஷாப் சுவரில் ஒட்டினேன். சீஃப் இன்ஜினியரிடம் ஆசிட் கேன் வாங்கப் போகும்போதெல்லாம் உதவியது.

குழாயின் மறுமுனையில் இருப்பது சுத்திகரிப்பு பிளான்ட். சரக்குக் கப்பலில் அது ஃபோர்த் இன்ஜினியர் தலையில் விழும். இன்ஜினியர்களில் கடைக்குட்டி அவர்தானே. உள்ளே வேலை செய்கிறவை பாக்டீரியா. காற்று ஊதிக்கொண்டே இருந்தால் உயிரோடிருந்து கழிவைத் தின்னும். கேபின் சுத்தம் செய்கிறவர் பளபளப்பாக இருக்கட்டும் என்று பிளீச்சிங்கைத் தாராளமாக ஊற்றினால் கூட்டத்தோடு செத்துப்போகும், மறுநாள் தளம் பூராவும் நாறும். தயிருக்கு உறை ஊற்றிய பாத்திரத்தில் சோப்புத் தண்ணீர் விட்ட மாதிரி என்று தமிழ்ப் பையன்களுக்குச் சொல்வேன், உடனே புரிந்துகொள்வார்கள். மார்போல் ஒப்பந்தத்தின் நாலாவது இணைப்பு 2003 செப்டம்பர் 27-இல் அமலுக்கு வந்தபின் இந்த பிளான்ட்டுக்கு மரியாதை கூடியது. அரைத்துக் கிருமி நீக்கியதென்றால் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்கு அப்பால்தான் விடலாம். அப்படியே விடுவதென்றால் பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால், அதுவும் கப்பல் நாலு நாட் வேகத்துக்குக் குறையாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். துறைமுகத்தில் ஏறுகிற அதிகாரி கேப்டன் நிற்கிற பிரிட்ஜைப் பார்க்கிறாரோ இல்லையோ, கழிவு விட்ட கணக்கு எழுதுகிற லாக் புக்கைக் கேட்பார்.

அந்தத் தொட்டிக்குள் நான் ஏழு தடவை இறங்கியிருக்கிறேன். எண்ணி வைத்திருக்கிறேன். முதல் நாள் தொட்டியைக் காலி செய்து, கழுவி, ஒரு நாள் முழுக்கக் காற்று ஊதுவார்கள். காலையில் மீட்டரைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் இறக்கிப் பார்ப்பார்கள். ஆக்சிஜன் 20.9 காட்ட வேண்டும், ஹைட்ரஜன் சல்ஃபைடு பூஜ்யம் காட்ட வேண்டும். கொஞ்சம் இப்படி அப்படி இருந்தாலும் மறுபடியும் ஊதல். சீஃப் ஆபீசர் கையெழுத்து, கேப்டன் கையெழுத்து. என் மார்பில் ஒரு மீட்டர், இடுப்பில் கயிறு, வாசலில் ஒருவர் என்னைத் தவிர வேறெதையும் பார்க்காமல் நிற்பார். அவர் பக்கத்தில் மூச்சுக்கருவி தயார். நான் விழுந்தால் அவர் கையை வீசிக்கொண்டு உள்ளே குதிக்கக் கூடாது. 2015-லிருந்து இதற்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒத்திகை பார்க்க வேண்டும் என்பது உலகக் கப்பல்களுக்கெல்லாம் சட்டம். கழிவுத் தொட்டியைக் கழுவப் போகிற ஒரு பிளம்பருக்காகக் கப்பலில் இத்தனை பேர் வேலையை விட்டுவிட்டு நிற்பார்கள்.

அழுகின முட்டை வாடை வருகிறவரை பரவாயில்லை, அது போய்விட்டால் ஓடு என்று குயா சொல்வார். அந்த வாயு கூடும்போது முதலில் மூக்கைத்தான் கொல்லும். வாடை நின்றுவிட்டது, சுத்தமாகிவிட்டது என்று நினைத்து இன்னும் ஒரு படி இறங்குகிறவன் அதற்குமேல் ஏறுவதில்லை.

லீவில் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தால் ஏதோ ஒரு மூலையில் 'விஷவாயு தாக்கி' என்று ஆரம்பிக்கிற செய்தி இருக்கும். முதலில் ஒருவர் இறங்கினார், அவரைக் காப்பாற்ற இன்னொருவர் இறங்கினார். சட்டம் இல்லாமல் இல்லை. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால் ஜெயில் என்று 2013-லேயே வந்துவிட்டது. செத்தால் குடும்பத்துக்கு முப்பது லட்சம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு காஸ் மீட்டர் என்ன விலை என்று எனக்குத் தெரியும். எத்தனையோ வாங்கிக்கொடுக்கச் சொல்லி இன்டென்ட் எழுதியிருக்கிறேன்.

வீடு கட்டி மூன்றாவது வருஷம், மழைக்காலம். ஏரி நிரம்பினால் எங்கள் பக்கம் நிலத்தடியிலேயே தண்ணீர் ஏறிவிடும், செப்டிக் டேங்க் திருப்பி அனுப்ப ஆரம்பிக்கும். லாரிக்குப் போன் போட்டேன். டிரைவரும் ஒரு கிளீனர் பையனும் வந்தார்கள். ஓஸை இறக்கி பம்பைப் போட்டார்கள். அரை மணி ஆகியும் தொட்டியில் நாலு விரல்கூட இறங்கவில்லை.

"இஸ்க்க மாட்டேங்குது சார்" என்றார் டிரைவர். "அடில கட்டியா நின்னுக்குனு கீது. பையன் இறங்கிக் கலக்கி வுட்டான்னா ஓடியாந்துடும்." பையன் சட்டையைக் கழற்ற ஆரம்பித்திருந்தான். பதினெட்டு வயசு இருக்கும்.

"யாரும் இறங்க வேணாம்" என்றேன். சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போல, பக்கத்து வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். லாரியின் பின்பக்கம் போனேன். தொட்டிமேல் இழுவை காட்டும் கேஜ் இருந்தது, கண்ணாடி மங்கி. பத்து இஞ்சில் நின்றது முள். பம்ப் நன்றாகத்தான் ஓடுகிறது. அப்படியானால் காற்று எங்கேயோ உள்ளே ஒழுகுகிறது. வீட்டுக்குள் போய் ஷேவிங் கிரீம் டப்பாவை எடுத்துவந்தேன். "ஏங்க, அது எதுக்கு?" என்று மனைவி கேட்டது காதில் விழுந்தது. ஓஸின் ஒவ்வொரு இணைப்பிலும் நுரையைப் பூசிக்கொண்டே போனேன். ஊதுகிற குழாயில் ஓட்டை இருந்தால் நுரை குமிழ் விடும். உறிஞ்சுகிற குழாயில் ஓட்டை இருந்தால் நுரை உள்ளே போய்விடும். இரண்டாவது கப்ளிங்கில் பூசின நுரை மெல்லக் குழிந்து, நடுவில் ஒரு பொத்தல் விழுந்தது.

கப்ளிங்கைக் கழற்றினால் உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் வளையம் பாதிதான் இருந்தது. மீதி எப்போதோ தொட்டிக்குள் போயிருக்கும். பேரனுடைய பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி இரண்டு சுற்றாக மடித்து வைத்து, கிளாம்பை இறுக்கினேன். பிடிமானத்துக்காகப் பையனைக் குழாயைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். பம்பைப் போட்டதும் முள் பன்னிரண்டு, பதினைந்து, பதினெட்டு என்று ஏறியது. ஓஸ் ஒரு தடவை துள்ளிவிட்டு, கனத்துக்கொண்டு தரையில் படுத்தது. தொட்டிக்குள் குழாயால் தண்ணீர் அடித்து அடியிலிருந்த கட்டியைக் கரைத்துக்கொண்டே இருந்தேன். இருபது நிமிஷத்தில் தரை தெரிந்தது.

டிரைவர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். "சார் இன்ஜினியர்னு சொன்னாங்க. கப்பல்ல இன்னா சார் வேல?"

மனைவி வாசலில் நின்றிருந்தாள். மாடிக்காரர்களும் இன்னும் போகவில்லை.

"இதே வேலதாம்பா" என்றேன். "கப்பல் கக்கூஸ் ரிப்பேர். இருபத்திரண்டு வருஷம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கிண்டல் பண்ணுகிறேனோ என்று சந்தேகப்பட்ட மாதிரி இருந்தது. அப்புறம் கேஜைப் பார்த்தார், கப்ளிங்கைப் பார்த்தார். பையன்தான் சிரித்தான். "அப்ப நம்மாளு" என்றான்.

வாடகையில் இருநூறு ரூபாய் குறைத்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த சைக்கிள் ட்யூபை டிரைவர் கேட்டு வாங்கி, சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டார்.